நண்பனுக்குக் கடிதம் எழுதத் தெரியுமா? கணக்கெடுப்பு நம்மை அளந்த கதை

எப்போதாவது ஒரு கணக்கெடுப்பாளர் காலனிக்கு வருவார். முன்பெல்லாம் கையில் தாள்கட்டு இருக்கும், இப்போது டேப்லெட். வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கேள்விகளை அடுக்குவார். வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, யார் எதுவரை படித்திருக்கிறார்கள். அண்மைக் காலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: கம்ப்யூட்டர் இயக்கத் தெரியுமா, இணையம் பயன்படுத்தத் தெரியுமா?

"பொண்ணு காலேஜ் போவுது சார், அதுக்குத் தெரியும். எங்களுக்கு எங்க?"

அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு ஒரு டிக், அவள் அம்மாவுக்கு ஒரு பூஜ்யம். இருவரிடமும் யாரும் நேராக எதையும் கேட்கவில்லை. அடுத்த வீடு.

தோழர்களே, இந்த டிக்கும் பூஜ்யமும் சேர்ந்துதான் 'இந்திய இளைஞர்களின் டிஜிட்டல் திறன்' என்ற சதவீதமாக நாளிதழில் வருகிறது. அதைக் காட்டித்தான் திட்டங்கள் தீட்டப்படுகின்றன, சலுகைகள் இணையத்துக்கு மாற்றப்படுகின்றன. ஆகவே அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, யாரிடம் கேட்கப்படுகிறது, பதிலை வைத்து என்ன செய்யலாம் என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

ஒரு கடிதமும் ஒரு பதிலும்

இந்தியா முழுவதும் ஒரே நேரத்தில் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1881இல். அதிலும் 1891இலும் மக்களை மூன்றாகப் பிரித்தார்கள்: படித்துக்கொண்டிருப்பவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர். 1901இல் அது இரண்டானது: தெரியும், தெரியாது. ஆனால் 'தெரியும்' என்றால் என்ன? கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதுமா? 1911 கணக்கெடுப்பு இதற்கு ஓர் அளவுகோல் வைத்தது. ஒருவர் தன் நண்பனுக்குக் கடிதம் எழுதி, வருகிற பதிலைப் படிக்க முடிந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர்.

கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அளவுகோலுக்குள் ஒரு வாழ்க்கை ஒளிந்திருக்கிறது. கடிதம் எழுத வெளியூரில் ஒரு நண்பன் வேண்டும். தாளும் மையும் வேண்டும். தபால்காரர் நம் தெருவுக்குள் வரவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்க விட்டிருக்க வேண்டும். பள்ளித் திண்ணையில்கூட உட்கார விடாத ஒரு சமூகத்தை, நண்பனுக்குக் கடிதம் எழுதினாயா என்று கேட்டு அளந்தார்கள். தெரியாது என்று எழுதிக்கொண்டார்கள். ஏன் தெரியாது என்பதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

அண்ணல் எண்களைக் கையில் எடுத்தபோது

அந்த எண்களைத் தூக்கி எறியாமல் ஆயுதமாக்கியவர் அண்ணல் அம்பேத்கர். 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் கல்வி மானியம் பற்றிப் பேசியபோது, ஒவ்வொரு சமூகத்திலும் ஆயிரத்துக்கு எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டினார். 1928இல் சைமன் ஆணையத்துக்கு, பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவின் சார்பில், பம்பாய் மாகாணத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் கல்வி நிலை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். 1813இலிருந்து தொடங்கும் அந்த வரலாற்றை அவர் எழுதியது அரசாங்கத்தின் சொந்த அறிக்கைகளை வைத்துத்தான். 1882ஆம் ஆண்டு ஹண்டர் ஆணையத்தின் புள்ளிவிவரங்களும் அதில் உண்டு.

அவர் நமக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். மொத்தச் சராசரி ஒரு திரை. அதைச் சமூகவாரியாகப் பிரித்தால்தான் பின்னால் இருப்பது தெரியும்.

விடுதலைக்குப் பிறகும் அது உண்மையாயிற்று. 1961 கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த எழுத்தறிவு 24 சதவீதம். பட்டியல் சாதியினரிடையே அது 10.27 சதவீதம். பட்டியல் சாதிப் பெண்களிடையே 3.29 சதவீதம். அதாவது நூறு பெண்களில் மூன்று பேர். 24 என்ற ஒற்றை எண்ணைப் பார்த்தால் இந்த மூன்று பேர் தெரியமாட்டார்கள். தனியாக எண்ணியதால் தெரிந்தார்கள். விடுதிகளும் உதவித்தொகையும் கேட்டுப் போராட ஒரு பிடி கிடைத்தது. 2011இல் நாட்டு எழுத்தறிவு 73 சதவீதம், பட்டியல் சாதியினரிடம் 66 சதவீதம். இடைவெளி குறைந்திருக்கிறது, மூடவில்லை.

கடிதம் போய் மின்னஞ்சல் வந்தது

எழுத்தறிவுக் கோடு மெல்ல நெருங்கி வந்த நேரத்தில், கோட்டையே தள்ளி வைத்துவிட்டார்கள். இப்போது எழுதப் படிக்கத் தெரிந்தால் போதாது, இணையம் தெரிய வேண்டும்.

இதை அளக்கும் வேலை தேசிய மாதிரி ஆய்வுக்கு வந்தது. மகலனோபிஸ் முயற்சியால் 1950இல் தொடங்கிய அமைப்பு அது. எல்லா வீட்டுக்கும் போகாமல், முறைப்படி தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு மட்டும் போய் நாட்டின் நிலையைக் கணிக்கும். அதன் 75ஆவது சுற்று, 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை, 1,13,757 குடும்பங்களில் கல்வி பற்றி விசாரித்தது. ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் கம்ப்யூட்டர் இயக்கத் தெரிந்தவர் கிராமத்தில் 9.9 சதவீதம், நகரத்தில் 32.4 சதவீதம். இணையம் பயன்படுத்தத் தெரிந்தவர் கிராமத்தில் 13 சதவீதம், நகரத்தில் 37.1 சதவீதம்.

உலக அளவிலும் இதே வேலை நடந்துகொண்டிருந்தது. 2015இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில், இளைஞர்களும் பெரியவர்களும் பெற்றிருக்கும் டிஜிட்டல் திறன்கள் ஒரு குறியீடாகச் சேர்ந்தன. அதன் எண் 4.4.1. கேள்விகளின் வடிவத்தைத் தந்தது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்: கடந்த மூன்று மாதத்தில் இந்த வேலைகளில் எதையாவது செய்தீர்களா? ஒரு கோப்பை நகல் எடுத்தீர்களா, கோப்பு இணைத்து மின்னஞ்சல் அனுப்பினீர்களா, விரிதாளில் கணக்குப் போட்டீர்களா, நிரல் எழுதினீர்களா?

நண்பனுக்குக் கடிதம் எழுதுவாயா என்று கேட்ட 1911இன் குரல் இதில் கேட்கிறதா? ஆள் மாறியிருக்கிறார், கேள்வி மாறவில்லை.

வாசலில் தொலையும் மூன்று விஷயங்கள்

முதலாவது, யார் பதில் சொல்கிறார் என்பது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் ஒருவர் எல்லோருக்காகவும் பேசிவிடுகிறார். மனைவிக்கு என்ன தெரியும் என்று கணவர் சொல்கிறார். ஒளித்து வைத்துப் போன் பழகிய மருமகளின் திறமை மாமனாருக்குத் தெரியாது. 'என் பையன் எல்லாம் பண்ணுவான்' என்ற பெருமையும் கணக்கில் ஏறிவிடும்.

இரண்டாவது, 'மூன்று மாதத்தில் செய்தீர்களா' என்ற கேள்வி திறமையை அளக்கிறதா, வசதியை அளக்கிறதா? கல்லூரியில் விரிதாள் படித்து, வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமல், செங்கல் சூளைக்கோ பின்னலாடைக்கோ வேலைக்குப் போன பெண்ணிடம் கேளுங்கள். இல்லை என்றுதான் சொல்வாள். அவளுக்குத் தெரியாமல் போய்விட்டதா, அவள் கையில் கருவி இல்லையா? படிவத்தில் இரண்டுக்கும் ஒரே பூஜ்யம்தான்.

வேறு வழி இல்லாமல் இல்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2011-12இல் பல நாடுகளில் நடத்திய பெரியவர்கள் திறன் ஆய்வில், வீட்டுக்குப் போனவர்கள் மடிக்கணினியைக் கையில் கொடுத்துச் செய்து காட்டச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் தொட்டே பார்க்காதவர்களுக்குத் தாளில் தேர்வு வைத்தார்கள். செலவு அதிகம், நேரம் அதிகம். ஆனால் ஒருவரின் திறமைக்கு இன்னொருவர் வாய்மொழி சாட்சி ஆகவில்லை.

மூன்றாவது, குடும்பம் என்ற அலகு. 2017 பிப்ரவரியில் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம், 6 கோடிக் கிராமப்புறக் குடும்பங்களை இலக்கு வைத்தது. குடும்பத்துக்கு ஒருவருக்குப் பயிற்சி. ஏற்கெனவே ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்குப் பயிற்சி தேவையில்லை. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் முன்னுரிமை என்று விதியில் எழுதியிருந்தார்கள், சரி. ஆனால் ஒரு வீட்டில் மகனுக்குத் தெரிந்தால் அம்மாவுக்கும் தெரிந்ததாக ஆகுமா? வங்கிக் கணக்கு அம்மா பெயரில், கடவுச்சொல் மகன் கையில் என்றால், அந்தப் பணம் யாருடையது?

2021 மே மாதம்

இதெல்லாம் புள்ளிவிவரக்காரர்கள் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் உயிர்கள் போய்க்கொண்டிருந்தபோது, 18 முதல் 44 வயது வரையிலானவர்கள் கோவின் தளத்தில் பதிவு செய்தால்தான் தடுப்பூசி என்றார்கள். இணையம் தெரிந்தவனுக்கு ஊசி. மற்றவர்கள்?

இந்த வழக்கைத் தானாக முன்வந்து எடுத்த உச்ச நீதிமன்றம், மே 31 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வின் உத்தரவில், அதே 75ஆவது சுற்றின் எண்களை மேற்கோள் காட்டியது. கிராமப்புற வீடுகளில் சுமார் 4 சதவீதத்தில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறது. 15 முதல் 29 வயதுக்குள் கம்ப்யூட்டர் இயக்கத் தெரிந்தவர்கள் கிராமத்தில் 24 சதவீதம்தான். இப்படியிருக்க, இணையப் பதிவை மட்டும் நம்பினால் விளிம்புநிலை மக்களுக்குத் தடுப்பூசி எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்டது. நேரில் வருபவர்களையும் பதிவு செய்யும் ஏற்பாடு, இந்தக் கேள்விகள் எழுந்துகொண்டிருந்த வாரங்களில்தான் விரிவானது.

வாசலில் போட்ட டிக்கும் பூஜ்யமும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லின. குறைகள் நிறைந்த கணக்குத்தான். அதுகூட இல்லாதிருந்தால் 'எல்லார் கையிலும் போன் இருக்கிறதே' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.

அதற்குப் பிறகும் வாசல்கள் இணையத்துக்கு மாறிக்கொண்டேதான் இருந்தன. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செயலியில் புகைப்படம் எடுத்து வருகைப்பதிவு செய்வது கட்டாயமானது. நாள் முழுக்க மண் வெட்டினாலும், படம் ஏறவில்லை என்றால் கூலி சிக்கல். அதே காலத்தில், 2022-23இல் நடந்த இன்னொரு தேசிய மாதிரி ஆய்வு சொன்னது: 15 முதல் 24 வயது இளைஞர்களில் 78.4 சதவீதம் பேர் கோப்பு இணைத்துச் செய்தி அனுப்புவார்கள். ஆனால் தகவல் தேடுவது, மின்னஞ்சல், இணைய வங்கி மூன்றும் செய்யக்கூடியவர்கள் 26.8 சதவீதம்தான். படம் அனுப்பத் தெரிந்த கைக்கு, தன் உரிமையைத் தேடி எடுக்கத் தெரியவில்லை. இந்த இடைவெளிதான் இன்றைய எழுத்தறிவின்மை.

நம் வேலை

2021இல் நீதிமன்றம் காட்டிய எண்கள் கிராமம், நகரம் என்று பிரிந்திருந்தன. ஊர், சேரி என்று பிரிந்திருக்கவில்லை. ஒரே கிராமத்தின் சராசரிக்குள் இரண்டும் கலந்து கிடந்தன. ஆனால் இந்த ஆய்வுகளில் ஒவ்வொரு குடும்பத்தின் சமூகப் பிரிவும் குறிக்கப்படுகிறது. பெயர் நீக்கிய மூலத் தரவு ஆராய்ச்சிக்குக் கிடைக்கிறது. புள்ளியியல், பொருளாதாரம், கணினி படிக்கும் நம் மாணவர்கள் அதைத் திறந்து, பட்டியல் சாதிப் பெண், கிராமம், 15 முதல் 29 வயது என்று ஒரு வரிசையைப் பிரித்து எடுங்கள். அண்ணல் 1927இல் செய்ததை நீங்கள் மடிக்கணினியில் செய்யலாம்.

இரண்டாவது, நம் தெருவில் நாமே ஒரு கணக்கு எடுப்போம். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். பெண்களிடம் பெண் தோழர்கள் பேசட்டும். தெரியுமா என்று கேட்காதீர்கள். போனைக் கையில் கொடுத்து, சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள் அக்கா என்று சொல்லுங்கள். போன் யாருடையது, மற்றவர்களுக்காகச் செய்து கொடுப்பவர் யார், அதற்கு எவ்வளவு காசு வாங்குகிறார் என்பதையும் எழுதுங்கள். முடித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். தெரியாதவர்களுக்கு அங்கேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

மூன்றாவது, டிஜிட்டல் திறன் பற்றி அரசு ஓர் எண்ணை வெளியிடும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதில் எங்கள் எண் எங்கே?

1911இல் வாசலுக்கு வந்தவன் நம் பாட்டனிடம், நண்பனுக்குக் கடிதம் எழுதுவாயா என்று கேட்டுவிட்டுத் தெரியாது என்று எழுதிக்கொண்டு போனான். அடுத்த முறை வருபவர் உங்கள் அம்மாவுக்குப் பூஜ்யம் போடுமுன், பேனாவைப் பிடித்து நிறுத்துங்கள். "அவங்க உள்ளதான் இருக்காங்க. அவங்களையே கேளுங்க" என்று சொல்லுங்கள்.

ஜெய் பீம்.