படி அரிசியும் கொள்கை மொழியும்



கொள்கையே கட்சிக்கு உயிர் என்பர். ஆயினும், வாக்காளர் செவியில் முதலில் விழுவது கொள்கையன்று. அதனை உரைக்கும் சொல்லேயாம். இதற்கு 1967ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் நடந்த பொதுத்தேர்தல் தக்க சான்றாகும்.

அன்று ஆட்சியிலிருந்த காங்கிரஸ், நாட்டின் ஒருமைப்பாட்டையும், தான் கட்டிய அணைகளையும், திறந்த பள்ளிகளையும், மதிய உணவுத் திட்டத்தையும் மக்கள்முன் வைத்தது. அவை மெய்யான பணிகளே. எனினும், அந்நாளில் அரிசித் தட்டுப்பாடு இல்லந்தோறும் வாட்டியது. 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியால் மொழியுணர்வும் ஓங்கியிருந்தது. திராவிட முன்னேற்றக் கழகமோ, ஏழையர் நலம் என்னும் கொள்கையைக் கண்ணால் அளந்து காணத்தக்க பொருளாக்கி, ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்றது. தனியார் தொழிலுரிமையைப் போற்றிய இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும், பொதுவுடைமை பேசிய மார்க்சிஸ்ட் கட்சியும் அக்கூட்டணியில் ஒருங்கே நின்றன. கழகம் அறுதிப் பெரும்பான்மை பெற்றது.

‘மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்றார் அண்ணா. அவ்வாண்டே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி வழங்கப்பட்டது. நிதிச்சுமையால் அத்திட்டம் மாநிலமெங்கும் பரவவில்லை.

பெங்களூரில் விவேக் நகர் போன்ற பகுதிகளில் வாழும் தமிழர்க்கு இது பழங்கதை மட்டுமன்று. 2023ஆம் ஆண்டுக் கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ், வறிய குடும்பங்களில் ஆளுக்குத் திங்கள்தோறும் 10 கிலோ அரிசி என உறுதி கூறியது, வெற்றியும் பெற்றது. ஒருகால் அரிசியால் தோற்ற கட்சி, பிறிதொரு மாநிலத்தில் அரிசியைச் சொல்லி வென்றது. ஆனால், கூடுதலாகத் தரவேண்டிய 5 கிலோவுக்குப் போதிய அரிசி கிட்டாமையால், அவ்வாண்டு ஜூலை முதல் கிலோவுக்கு 34 ரூபாய் வீதம் ஆளுக்கு 170 ரூபாய் பணமாக வழங்கப்பட்டது. பணத்திற்கு மாற்றாக அரிசியே தரும் முடிவு 2025இல்தான் வந்தது.

பெரிய கொள்கையைச் சிறிய அளவையில் சொல்வது ஏமாற்று ஆகாது. ‘முன்னேற்றம்’ என்பதை அளக்க அளவை இல்லை. படிக்கும் கிலோவுக்கும் உண்டு. அளந்து சொன்னமையாலேயே குடிமக்கள் அளந்து கேட்கவும் இயன்றது.

வேற்று மாநிலத்தில் வாழும் நம்மிடம், நம் தாய்மொழியிலேயே வாக்குக் கேட்போர் வரலாம். மொழி கேட்டு மகிழ்வது இயல்பே. அம்மகிழ்ச்சியோடு, ‘இதில் இலட்சியம் எது? நிச்சயம் எது? செலவை ஏற்பவர் யார்?’ என்று வினவுதலும் நம் கடமையாகும்.