குடிலுக்குள் வந்த ஊர்

18ஆம் நூற்றாண்டின் நடுவில், இருட்டிய பிறகு நேப்பிள்ஸ் நகரத்தின் சந்துகளில் நடப்பது ஆபத்தான காரியம். அரசு விளக்கு மாட்டினால், வழிப்பறிக்காரர்கள் அதை உடைத்துப்போட்டார்கள். இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் ஒரு துறவி. டொமினிக்கன் சபையைச் சேர்ந்த கிரெகோரியோ மரியா ரோக்கோ என்ற அந்தச் சாமியார், தெருமுனைகளில் மாதா படங்களையும் சிலுவைகளையும் நிறுவி, ஒவ்வொன்றின் முன்னும் ஓர் எண்ணெய் விளக்கு ஏற்ற ஏற்பாடு செய்தார். எண்ணெய் ஊற்றுவது அந்தந்தத் தெருக்காரர்களின் பொறுப்பு. அரசின் விளக்கை உடைத்த கைகள் மாதாவின் விளக்கைத் தொடத் துணியவில்லை. நேப்பிள்ஸின் இருண்ட தெருக்களுக்கு அப்படித்தான் வெளிச்சம் வந்தது.

அதே ரோக்கோ சாமியார் இன்னொரு வேலையிலும் ஓயாமல் ஈடுபட்டிருந்தார். கிறிஸ்துமஸ் குடில் வைக்கும்படி வீட்டுக்காரர்களையும் கடைக்காரர்களையும் தூண்டிக்கொண்டே இருந்தார். அரண்மனையில் மன்னர் சார்லஸிடமும் அதையே பேசினார். கோயிலுக்குள் வந்து பிரசங்கம் கேட்காதவர்களும் ஒரு குடிலின் முன்னால் நிற்பார்கள், பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள், கதை சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

திருச்சபை தன் ஊர் மக்களிடம் காட்சியின் வழியாகப் பேசிய வரலாறு எண்ணூறு ஆண்டுகளைத் தாண்டியது. அந்த வரலாற்றைப் பின்தொடர்ந்தால் ஒன்று மீண்டும் மீண்டும் தென்படுகிறது. எந்த ஊரில் மக்கள் தங்கள் முகத்தையும் தொழிலையும் குடிலுக்குள் கொண்டுவந்து வைத்தார்களோ, அந்த ஊரில் குடில் தழைத்தது. தடைச் சட்டத்தாலும் அதை அழிக்க முடியவில்லை.

தொடக்கம் 1223ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். இடம், ரோமுக்கு வடகிழக்கே ரியெத்தி பள்ளத்தாக்கில் பாறைச் சரிவில் அமைந்த கிரெச்சோ என்ற சிற்றூர். அசிசி நகரின் பிரான்சிஸ் அப்போதுதான் ரோமில் ஒரு பெரிய வேலையை முடித்திருந்தார். அவருடைய சபையின் ஒழுங்குமுறைக்குத் திருத்தந்தை 3ஆம் ஹொனோரியுஸ் நவம்பர் 29 அன்று ஒப்புதல் தந்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் இருக்கையில், அவர் ஜொவான்னி என்ற உள்ளூர்ப் பெருமகனிடம் ஒரு விருப்பத்தைச் சொன்னார். பெத்லகேமில் பிறந்த குழந்தை எப்படி வைக்கோல் மேல் கிடந்தது, மாடும் கழுதையும் எப்படிப் பக்கத்தில் நின்றன என்பதைக் கண்ணால் காண வேண்டும். அதற்கு வேண்டியதை ஏற்பாடு செய்துதர முடியுமா?

ஜொவான்னி செய்துதந்தார். கிறிஸ்துமஸ் இரவில் சுற்றுவட்டார ஆண்களும் பெண்களும் மெழுகுத்திரிகளையும் தீப்பந்தங்களையும் ஏந்தி மலையேறி வந்தார்கள். அங்கே மரியா வேடமிட்டவர் யாரும் இல்லை. சூசையும் இல்லை, குழந்தைச் சொரூபமும் இல்லை. வைக்கோல் பரப்பிய தீவனத் தொட்டி, உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை. அந்தத் தொட்டியை வைத்தே திருப்பலி நடந்தது. பிரான்சிஸ் குருப்பட்டம் பெற்றவரல்லர். திருத்தொண்டர் என்ற நிலையில் நற்செய்தியைப் பாடி, சூழ்ந்து நின்ற மக்களுக்குப் பிரசங்கம் செய்தார். அவர் இறந்து இரண்டே ஆண்டுகளில், திருத்தந்தை 9ஆம் கிரகோரியின் ஆணைப்படி செலானோ ஊர்த் தோமா எழுதத் தொடங்கிய வாழ்க்கை வரலாற்றில் இவ்வளவும் பதிவாகியிருக்கிறது. அந்த வைக்கோலை எடுத்துப் பாதுகாத்தார்கள் என்றும், அதைத் தின்ற நோயுற்ற கால்நடைகள் குணமடைந்தன என்றும் தோமா எழுதுகிறார். திருவிழாவின் பலன் ஊர்க்காரர்களின் தொழுவம் வரைக்கும் போயிருக்கிறது.

லூக்கா நற்செய்தியில் தீவனத் தொட்டி உண்டு. மாடும் கழுதையும் கிடையாது. எசாயா இறைவாக்கினர் நூலின் முதல் அதிகாரத்தில், மாடு தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் தலைவன் தரும் தீனித் தொட்டியை அறியும் என்று வரும் இடத்திலிருந்து அவை பிறப்புக் காட்சிக்குள் வந்தன. இறையியலார் அவற்றில் என்ன பொருள் கண்டிருந்தாலும், கிரெச்சோவின் குடியானவர்களுக்கு அவை தினமும் தண்ணீர் காட்டும் பிராணிகள். இலத்தீன் வழிபாட்டின் சொற்கள் எட்டாத இடத்தை அந்த மாடு எட்டிவிட்டது.

பிரான்சிஸ்கன் சபையிலிருந்து முதன்முதலாகத் திருத்தந்தையான 4ஆம் நிக்கோலாஸ், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமின் புனித மரியா பெருங்கோயிலுக்காக அர்னோல்ஃபோ தி காம்பியோ என்ற சிற்பியிடம் பளிங்கில் பிறப்புக் காட்சி செய்யச் சொன்னார். அந்தச் சிலைகளில் பல இன்றும் அங்கே இருக்கின்றன. ஆண்டுதோறும் எடுத்து அடுக்கி, பிறகு பிரித்துவைக்கும் குடில் பரவியது அதற்கு வெகு காலம் கழித்துத்தான். லூத்தர் தொடங்கிய சீர்திருத்தத்துக்குப் பின், மக்களைத் தங்கள் பக்கம் ஈர்க்கும் பணியில் இறங்கிய இயேசு சபையார் நாடகம், இசை, காட்சி என எல்லாவற்றையும் கையாண்டார்கள். 1562இல் பிராகா நகரிலும் 1607இல் மியூனிக்கிலும் அவர்கள் வைத்த குடில்கள் ஐரோப்பியக் குடில் வரலாற்றின் தொடக்ககாலப் பதிவுகளில் முக்கியமானவை.

ஆனாலும் இந்தக் கலை உச்சம் தொட்டது நேப்பிள்ஸில். 1734இல் அரியணை ஏறிய சார்லஸும் அவருடைய அரசி மரியா அமாலியாவும் குடிலில் காட்டிய ஆர்வம், பிரபுக்களிடையே ஒரு போட்டியையே கிளப்பிவிட்டது. பொம்மைகளின் தலை சுட்ட மண்ணால் ஆனது; கண்கள் கண்ணாடி; கைகால்கள் மரம்; உடம்பு, கம்பியின் மேல் சணல்நார் சுற்றியது. அதனால் பொம்மையை வேண்டியபடி வளைத்து நிறுத்தலாம். உடைகளுக்கு உண்மையான பட்டு. மூடுதிரை போர்த்திய கிறிஸ்துவின் பளிங்குச் சிலையால் புகழ்பெற்ற ஜுசெப்பே சம்மார்த்தினோ போன்ற பெரும் சிற்பிகளே இடையர் பொம்மைகளுக்கு முகம் வடித்தார்கள்.

அந்தக் குடிலுக்குள் பெத்லகேமைத் தேடினால் நேப்பிள்ஸ்தான் கிடைக்கும். தக்கைமரப் பட்டையால் எழுப்பிய மலைச்சரிவில் சாராயக்கடை, மீன்காரி, பழக்கூடைக்காரர், தொங்கும் இறைச்சி, பிச்சைக்காரர், ஆரவாரமான வாத்தியக்காரர்கள். நம் கொலுப்படியில் மளிகைச் சாமான்களைப் பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மையைப் போல அத்தனை பேரும் அவரவர் வியாபாரத்தோடு வந்து அமர்ந்துவிட்டார்கள். 1738இல் ஹெர்குலானியத்திலும் 1748இல் பொம்பெய்யிலும் அகழாய்வு தொடங்கியபின், மாதாவும் குழந்தையும் இருந்த தொழுவம்கூட இடிந்த ரோமானியக் கோயிலாக மாறியது. மண்ணுக்கடியிலிருந்து அன்றைக்குக் கிடைத்த செய்தியையும் குடில் உடனே தனக்குள் வாங்கிக்கொண்டது. 1787இல் நேப்பிள்ஸுக்கு வந்த ஜெர்மானியக் கவிஞர் கதே, வீட்டு மொட்டைமாடிகளில் குடில் அமைத்து, வெசூவியஸ் எரிமலையையே அதற்குப் பின்புலமாகக் காட்டும் வழக்கத்தை வியந்து எழுதினார். நகரத்தில் சேகரிக்கப்பட்ட பொம்மைகளின் பெருந்தொகுப்பு ஒன்றை மிக்கேலே குச்சினியெல்லோ என்பவர் 1879இல் சான் மார்த்தினோ அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதை இன்றும் காணலாம். சான் கிரெகோரியோ அர்மேனோ தெருவில் குடில் பொம்மைக் கைவினைஞர்கள் இன்றும் ஆண்டு முழுக்க வேலை செய்கிறார்கள்.

நேப்பிள்ஸில் அரசரே குடிலை வளர்த்தார். வேறு இடங்களில் அரசுகளே அதை விரட்டின. அறிவொளிக் காலத்தின் பகுத்தறிவை ஆட்சிக்குக் கொண்டுவர முயன்ற ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் 2ஆம் ஜோசப், ஆலயங்களில் குடில் வைப்பது பாமரத்தனம் என்று 1780களில் தடை விதித்தார். ஆலயத்திலிருந்து வெளியேறிய குடில் மக்களின் வீடுகளுக்குள் புகுந்தது. ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் நீண்ட குளிர்கால இரவுகளில் குடியானவர்களே மரம் செதுக்கத் தொடங்கினார்கள். கோயிலுக்கு ஒன்று என்றிருந்தது வீட்டுக்கு ஒன்றாகப் பெருகியது.

தென் பிரான்சின் புரொவான்சிலும் இதுவே நடந்தது. புரட்சியின் உச்சத்தில் ஆலயங்கள் மூடப்பட்டு, நள்ளிரவுத் திருப்பலியும் நின்றுபோனபோது, குடும்பங்கள் வீட்டுக்குள் சிறு குடில்களை வைத்தன. மார்செய் நகரின் ழான் லூயி லாஞெல், சாந்துக்கட்டி அச்சுகளில் களிமண்ணை அழுத்திச் சிறு பொம்மைகளைச் செய்தார். மலிவாக இருந்ததால் ஏழைகளும் வாங்க முடிந்தது. அந்தப் பொம்மைகள் அணிந்தவை புரொவான்சு கிராமத்து உடைகள். மாவு மில்காரர், மீன் விற்பவள், சாணை பிடிப்பவர், மேளக்காரர், குழந்தையைக் கண்ட மகிழ்ச்சியில் இரு கைகளையும் மேலே தூக்கி நிற்கும் ஓர் அப்பாவி மனிதர் என எல்லோரும் ஆளுக்கொரு காணிக்கையுடன் குழந்தையைப் பார்க்கப் போகிறார்கள். 1803இல் மார்செயில் தொடங்கிய இந்தப் பொம்மைச் சந்தை இன்றைக்கும் கூடுகிறது.

போலந்தின் கிராகோவ் நகரில் குடில் கொத்தனார்களின் கைக்குப் போனது. பனிக்காலத்தில் கட்டட வேலை நின்றுவிடும், கூலி இருக்காது. 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்க் கொத்தனார்களும் தச்சர்களும் மரச்சட்டம், அட்டை, வண்ணத்தாள் கொண்டு குடில் செய்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டி வருமானம் தேடினார்கள். கட்டுவது தொழிலாக இருந்ததால், அவர்கள் செய்த குடில் தொழுவமாக இல்லாமல் கோபுரமாக எழுந்தது. நகரச் சதுக்கத்தில் நிற்கும் மரியா ஆலயத்தின் கோபுரங்களும் வாவெல் அரண்மனைத் தேவாலயத்தின் தங்கக் குவிமாடமும் பளபளக்கும் தாளில் மறுபடி எழுந்தன. 1937 டிசம்பரில் நகரம் குடில் போட்டியைத் தொடங்கியது. போர் முடிந்த 1945இல் அது மீண்டும் தொடர்ந்தது. டிசம்பர் முதல் வியாழக்கிழமை கவிஞர் மிக்கியேவிச் சிலையின் படிகளில் குடில்களை வரிசையாக வைப்பார்கள்; பின்னர் நகர அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைக்கும். 2018இல் யுனெஸ்கோ இந்த மரபை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

சீர்திருத்தச் சபைகளில் பல சொரூபங்களை ஒதுக்கின. ஆனால் மொரேவியச் சகோதரர்கள் காட்சியைக் கைவிடவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அவர்கள் உருவாக்கிய குடியேற்றத்துக்கு, 1741ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், பெத்லகேம் என்றே பெயர் வைத்தார்கள். காட்டிலிருந்து பாசியும் மரக்கட்டைகளும் கொண்டுவந்து பரப்பி, சிறு உருவங்களை நிறுத்தி, பிறப்புக் கதையை விளக்குவது அவர்கள் வழக்கம். அக்கம்பக்கத்தார் ஒருவர் வீட்டுக் காட்சியை இன்னொருவர் போய்ப் பார்ப்பார்கள். பின்னாளில் அது ஆலயத்தின் பொதுக் காட்சியாகவும் வளர்ந்தது. எந்தச் சபையைச் சேர்ந்தவரும் வந்து பார்க்கலாம்.

தமிழ் மண்ணில் பெத்லகேமுக்கு ஊர்முகம் கொடுக்கும் வேலை முதலில் பாட்டில் நடந்தது. இத்தாலியில் பிறந்து 1711இல் தமிழகம் வந்த வீரமாமுனிவர், 1726இல் தேம்பாவணியைப் பாடினார். சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட அந்தக் காப்பியத்தின் யூதேயா நாட்டில் நீர் பாயும் வயல்களும் தமிழ்க் காப்பிய மரபின் மருத வளமும் நிறைந்திருக்கின்றன. நேப்பிள்ஸ் பொம்மைக் கலைஞர்கள் சுட்ட மண்ணில் செய்ததை, அதே நூற்றாண்டில் அவர் விருத்தத்தில் செய்தார்.

இன்று நம் பங்குகளில் குடில் கட்டுவது பெரும்பாலும் இளைஞர்களின் வேலை. டிசம்பர் பிறந்ததும் மூங்கில், தென்னங்கீற்று, வைக்கோல் வந்து இறங்கும். சிமெண்டுப் பைத் தாளைக் கசக்கிச் சாயம் பூசினால் மலை. தட்டில் முன்கூட்டியே விதைத்த கேழ்வரகின் பச்சை நாற்றுதான் புல்வெளி. கண்ணாடித் துண்டு குளம். குழந்தைச் சொரூபத்தை மட்டும் நள்ளிரவுத் திருப்பலியில்தான் கொண்டுவந்து கிடத்துவார்கள். பல ஊர்களில் அன்பியங்களுக்கிடையே போட்டியும் உண்டு. சப்பரம் பார்க்கவும் தேர் பார்க்கவும் பழகிய நம் ஊரில், கிறிஸ்தவர் அல்லாத குடும்பங்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குடில் பார்க்க வருவது இயல்பாக நடக்கிறது. அழைப்பிதழ் தேவைப்படுவதில்லை.

1982இல் திருத்தந்தை 2ஆம் ஜான் பால், புனித பேதுரு சதுக்கத்தில் பெரிய குடில் வைக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். 2019 டிசம்பர் 1 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கிரெச்சோவுக்கே போய், குடிலைப் பற்றிய திருமடலில் கையெழுத்திட்டார். வீடுகளில் மட்டுமின்றிப் பணியிடங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் ஊர்ச் சதுக்கங்களிலும் குடில் வைக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். அவர் குறிப்பிட்ட இடங்கள் எல்லாம் மக்கள் ஏற்கெனவே கூடியிருக்கும் இடங்கள்.

இந்த எண்ணூறு ஆண்டுகளிலிருந்து நம் பங்குகள் எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு. பெட்டியில் வாங்கி வந்து விரித்துவைக்கும் குடில் அழகாக இருக்கலாம். ஆனால் அதில் நம் தெருவைச் சேர்ந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். உப்பளத் தொழிலாளியும் பனையேறியும் வலை உலர்த்தும் மீனவப் பெண்ணும் நம் குடில்களில் இடம்பெறட்டும். களிமண்ணில் உருவம் செய்யத் தெரிந்த குயவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பொம்மைகளை அவர்களிடம் கேட்டுச் செய்து வாங்கலாம். நேப்பிள்ஸும் கிராகோவும் தங்கள் குடில்களை அருங்காட்சியகத்தில் சேர்த்துவைத்தன. நாம் ஜனவரியில் பிரித்துப்போட்டுவிடுகிறோம். ஒவ்வொரு பங்கும் அந்த ஆண்டுக் குடிலைப் படமெடுத்து, கட்டிய பிள்ளைகளின் பெயர்களையும் பயன்படுத்திய பொருள்களையும் பங்குப் பதிவேட்டோடு சேர்த்து எழுதிவைக்கட்டும். வரும் டிசம்பரிலேயே இதைத் தொடங்கலாம்.