பச்சை முத்திரையின் கதை: கதிர்வீச்சு உணவும் ஒரு லேபிள் சண்டையும்

1/
அமெரிக்கக் கடைகளில் சில மாம்பழப் பெட்டிகள் மேல ஒரு பச்சை முத்திரை இருக்கும். வட்டத்துக்குள்ள இரண்டு இலையோட ஒரு செடி, வட்டத்தின் மேல்பாதி விட்டுவிட்டு வரைந்திருக்கும். பெயர் ராடூரா. பக்கத்தில் "கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்டது" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை வைக்கலாமா, எடுக்கலாமா என்று பல வருஷம் சண்டை நடந்தது. அதைத்தான் இந்த இழையில் பார்க்கப் போகிறோம்.

2/
முதலில் அடிப்படை. கோபால்ட்-60 போன்ற மூலத்திலிருந்து வரும் காமா கதிர் உணவை ஊடுருவி, கிருமி, பூச்சிகளின் டி.என்.ஏ.வை உடைக்கும். தயமின் போன்ற சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையலாம். ஆனா உணவு கதிரியக்கப் பொருளா மாறாது. செஸ்ட் எக்ஸ்ரே எடுத்துட்டு வெளியே வர்றவர் உடம்பிலிருந்து எக்ஸ்ரே கிளம்புதா? இல்லைல்ல. அதே கணக்குதான்.

3/
1958ல் அமெரிக்க நாடாளுமன்றம் உணவுச் சேர்மானங்களுக்கான சட்டத்தைத் திருத்தியது. அதில் கதிர்வீச்சையும் ஒரு "சேர்மானம்" என்று வகைப்படுத்திட்டாங்க. அதனால ஒவ்வொரு உணவுக்கும் தனித்தனி அனுமதி தேவைப்பட்டது. 1963ல் கோதுமை. 1964ல், முளைவிடாமல் இருக்க, உருளைக்கிழங்கு.

4/
1980ல் உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட மூன்று சர்வதேச அமைப்புகளின் நிபுணர் குழு, 10 கிலோகிரே வரை நச்சு ஆபத்து இல்லை என்றது. அந்தத் தெம்பில் 1984ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. ஒரு வரைவு விதி போட்டது. அதில் கடையில் விற்கும் பொருளுக்கு லேபிள் கட்டாயமில்லை.

பாதுகாப்பானதுதானே, அப்புறம் எதுக்குச் சொல்லணும்?

5/
மக்கள் ஒத்துக்கலை. ஆயிரக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. 1986 ஏப்ரலில் வந்த இறுதி விதியில் முத்திரையும் வாசகமும் கட்டாயம்.

காரணம் எளிமையானது. டின்னில் அடைத்தது, உறைய வைத்தது எல்லாம் பார்த்தாலே தெரியும். கதிர்வீச்சு பட்ட பழம் பச்சைப் பழம் மாதிரியே இருக்கும். சொன்னால்தான் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை. ராடூரா நெதர்லாந்தில் ஒரு தர முத்திரையாகப் பிறந்தது. அமெரிக்கக் கடைக்கு வந்ததும் பலர் அதை எச்சரிக்கைப் பலகையாகப் படித்தார்கள்.

6/
இந்தப் பயத்துக்கு ஒரு விலையும் இருக்கு. 1993ல் ஜாக் இன் த பாக்ஸ் உணவகங்களின் சரியாக வேகாத ஹாம்பர்கரில் இருந்த ஈ.கோலை கிருமியால் 700க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 4 குழந்தைகள் இறந்தார்கள். அந்தக் கிருமியைக் கதிர்வீச்சால் கொல்ல முடியும். மாட்டிறைச்சிக்கான அனுமதி வந்தது 1997 டிசம்பரில்தான்.

7/
அப்புறம் லேபிளை மென்மையாக்கும் முயற்சிகள். 1997 சட்டம், அந்த வாசகம் சேர்மானப் பட்டியல் எழுத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டாம் என்றது. 2007ல், சில சூழலில் "பாஸ்சரைஸ்டு" என்று போட்டுக்கொள்ளலாம் என எஃப்.டி.ஏ. ஒரு வரைவு வெளியிட்டது. அது இறுதி விதியாகவில்லை.

இதற்கு நடுவில் ஒரு பெரிய ஓட்டை. உணவகத்தில் பரிமாறும் உணவுக்கு லேபிள் வேண்டாம். கதிர்வீச்சு பட்ட மிளகுத்தூளை சாசேஜில் கலந்தாலும் வேண்டாம்.

8/
நம்ம தொடர்பு? அதே 2007ல்தான், நாசிக் பக்கம் லாசல்காவ் மையத்தில் கதிர்வீச்சு பட்ட நம் மாம்பழம் அமெரிக்கா போனது. கொட்டை வண்டு, பழ ஈ அங்கே போய்ப் பரவாமல் இருக்க அமெரிக்கா போட்ட நிபந்தனை அது.

இந்திய லேபிள் விதியில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: முத்திரை, தேதியோடு "எதற்காகச் செய்தோம்" என்ற நோக்கத்தையும் எழுதணும்.

9/
ஒரு டாக்டரா எனக்கு இதான் முக்கியமாப் படுது. ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போது "பயப்படாதீங்க, சேஃப்தான்" என்பதோடு நிறுத்தினால் சந்தேகம்தான் வளரும். என்ன செய்யப்போறோம், ஏன் செய்யறோம் இரண்டையும் சொல்லணும். 1984ல் முதலாவதையே விடப் பார்த்தாங்க. 1986ல் அதைச் சொல்ல வைத்தாங்க. ஏன் என்பதைச் சொல்வது கட்டாயமாகலை. பயம் அந்த இடைவெளியில்தான் குடியேறியது.

அந்த முத்திரையைப் பார்த்தால் பயந்து கீழே வைக்க வேண்டாம். எதற்காகச் செய்தார்கள் என்று படியுங்க. இறைச்சி என்றால், முத்திரை இருந்தாலும் நல்லா வேகவைத்தே சாப்பிடுங்க.