கசடு யார் கணக்கில்?

நியூயார்க்கில் ஒருவர் காலையில் எழுந்து, பாத்ரூம் போய், ஃப்ளஷ் பண்ணுகிறார். அவரைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் போனது எங்கே போச்சு?

1992-ல் இந்தக் கேள்விக்கு இருந்த பதிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். ரயிலேறிப் போனது! சுமார் 2,000 மைல் தாண்டி, மெக்ஸிகோ எல்லைக்குப் பக்கத்தில், டெக்சாஸ் மாநிலத்தின் சியர்ரா பிளாங்கா என்கிற குட்டியூண்டு ஊருக்கு. ஐந்நூறு, அறுநூறு பேர் இருந்த ஏழை ஊர். மெர்கோ என்ற கம்பெனி அங்கே ஒரு லட்சத்து இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் பண்ணை நிலத்தை வளைத்துப் போட்டது. மாநில அரசிடம் அனுமதி வாங்க ஒரு மாதம்கூட ஆகவில்லை. நம்ம ஊரில் ஒரு சாதிச் சான்றிதழ் வாங்க ஆகும் நேரத்தை நினைத்துக் கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் எங்கே போனது? கடலுக்கு. 1924-லிருந்து நியூயார்க், தன் கழிவுநீர் நிலையங்களில் சேரும் கசடை (இங்கிலீஷில் ஸ்லட்ஜ்) படகில் ஏற்றி, கரையிலிருந்து 12 மைலில் கொட்டி வந்தது. எண்பதுகளில், 'கொஞ்சம் தள்ளிப் போய்க் கொட்டுங்கப்பா' என்று 106 மைலுக்கு அனுப்பினார்கள். 1987, 88 கோடையில் கடற்கரைகளில் ஆஸ்பத்திரி ஊசிகள் ஒதுங்கின. அந்த ஊசிகளுக்கும் கசடுக்கும் நேரடி சம்பந்தம் இல்லை. ஆனால் ஜனங்கள் கொதித்தபோது அரசியல்வாதிகள் எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்தார்கள். 1988-ல் கடலில் கசடு கொட்டத் தடைச் சட்டம் வந்தது. 1992 ஜூனில் கடைசிப் படகு திரும்பியது. அடுத்து எங்கே? நிலம்தான்.

கசடு என்றால் என்ன என்று ஒரு நிமிஷம் பார்த்துவிடுவோம். சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும்போது, தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த எல்லாம் கெட்டியாக அடியில் தங்குகிறது. தண்ணீர் எவ்வளவு சுத்தமாகிறதோ, கசடு அவ்வளவுக்கு அழுக்காகிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ் இருப்பதால் அது நல்ல உரம். மில்வாக்கி நகரம் 1926-லேயே அதைக் காயவைத்து, மூட்டை கட்டி, 'மில்ஆர்கனைட்' என்று பெயர் வைத்து விற்க ஆரம்பித்துவிட்டது. பிரச்னை என்னவென்றால், அதே சாக்கடைக் குழாயில்தான் தொழிற்சாலைகளும் தங்கள் கழிவை விடுகின்றன.

பி.காம் படித்தவன் என்பதால் எனக்கு இதில் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. 1991-ல் கழிவுநீர்த் துறையினரின் சங்கம், போட்டியெல்லாம் நடத்தி யோசித்து, கசடுக்குப் புதுப்பெயர் வைத்தது: 'பயோசாலிட்ஸ்'. பேலன்ஸ் ஷீட்டில் லயபிலிட்டி பக்கம் கிடந்த ஓர் ஐட்டத்தை, பெயரை மட்டும் மாற்றி அஸெட் பக்கம் எழுதிவிட்டார்கள். ஆடிட்டர் கையெழுத்துப் போட வேண்டாமா? அவர்தான் இ.பி.ஏ. எனப்படும் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

1987-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தூய நீர்ச் சட்டத்தைத் திருத்தி, கசடுக்கு நாடு முழுக்க ஒரே விதி போடு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பப் பார் என்று உத்தரவிட்டது. 1993-ல் 'பகுதி 503' என்ற விதிகள் வந்தன. பத்து உலோகங்களுக்கு அளவு கட்டினார்கள். வழக்குக்குப் பிறகு குரோமியம் கழன்றுகொண்டது, மிச்சம் ஒன்பது. ஆர்செனிக், காட்மியம், ஈயம், பாதரசம் இத்யாதி. கிருமிகளைக் கிட்டத்தட்டக் கொன்ற கசடு 'ஏ' வகுப்பு. ஓரளவு குறைத்தது 'பி' வகுப்பு. 'பி'யைப் போட்ட வயலில் ஆளும் மாடும் நுழையக் காத்திருப்புக் காலம் உண்டு.

இனிமேல்தான் கதையின் முக்கியமான இடம். விதி மத்திய அரசுடையது. அதை நடத்துவது யார்?

1989-லேயே இதற்கு ஒரு வழி செய்து வைத்திருந்தார்கள். ஒரு மாநிலம் விரும்பினால், கவர்னர் ஒரு கடிதம் எழுதலாம். திட்ட விவரம், 'எங்களுக்கு சட்ட அதிகாரம் இருக்கிறது' என்று மாநில அட்டர்னி ஜெனரல் தரும் உறுதி, இ.பி.ஏ.வோடு ஒப்பந்தம்... எல்லாம் சரியாக இருந்தால் பர்மிட் கொடுக்கும் பேனாவும், சோதனை போடும் வேலையும் மாநிலத்தின் கைக்கு வந்துவிடும். மாநிலம் விதியைக் கடுமையாக்கலாம், தளர்த்த முடியாது. இ.பி.ஏ.வும் முழுக்கக் கைகழுவிவிட்டுப் போகாது. மாநிலம் தூங்கினால் தானே நடவடிக்கை எடுக்கலாம்.

மாநில சுயாட்சி என்றால் வரிந்து கட்டிக்கொண்டு வருகிற நாடு அல்லவா? ஐம்பது மாநிலமும் க்யூவில் நிற்கும் என்றுதானே நினைப்பீர்கள்? கழிவுநீரை ஆற்றில் விடும் பர்மிட் அதிகாரத்தை அப்படித்தான் வாங்கினார்கள், நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள். ஆனால் கசடு அதிகாரத்தை வாங்கியவை வெறும் ஒன்பது! 1996-ல் யூட்டா ஆரம்பித்து வைத்தது. ஓக்லஹோமா, டெக்சாஸ், விஸ்கான்சின், தெற்கு டகோட்டா, அரிசோனா, ஓஹையோ, மிச்சிகன் வந்தன. 2021-ல் இடாஹோ.

மற்றவர்கள் ஏன் ஒதுங்கினார்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள், புரிந்துவிடும். 503 விதி, பர்மிட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தானாகவே செல்லும். மாநிலங்களுக்குத் தங்களுக்கென்று தனிக் கசடுச் சட்டமும் இருந்தது. அப்புறம் எதற்கு சம்பளம் கொடுத்து ஆள் போட்டு, மத்திய அரசின் தலைவலியை வேறு வாங்கிக்கொள்ள வேண்டும்? வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த மாநிலங்களில் மாநில அதிகாரி ஒரு பக்கம், இ.பி.ஏ. ஒரு பக்கம். இ.பி.ஏ. தரப்பிலும் ஆள் இல்லை. இந்த விதிகள் ஒழுங்காக நடக்கின்றன என்று மக்களுக்கு உறுதி சொல்ல இ.பி.ஏ.வால் முடியாது என்று, அதன் உள் தணிக்கை அதிகாரியே 2000-ல் எழுதினார். பிற்பாடு, நாடு முழுக்கக் கசடைக் கண்காணிக்கும் வேலையை கான்சஸில் உள்ள ஒரே அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

சியர்ரா பிளாங்காவுக்கு வருவோம். 1994-ல் ஒரு டி.வி. நிகழ்ச்சியில் இ.பி.ஏ. அதிகாரி ஹ்யூ காஃப்மன், இந்த ஏற்பாட்டைக் கிழிகிழி என்று கிழித்தார். கம்பெனி அவதூறு வழக்குப் போட்டது. ஜூரி கம்பெனிக்கு நஷ்டஈடு கொடுத்தது. 1997-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்த ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1998-ல், டெக்சாஸ் கசடு அதிகாரத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. ரயில் நிற்க 2001 ஆனது. யார் கையில் பேனா இருந்தாலும் தாளில் இருந்தது அதே ஒன்பது உலோகம்தானே!

ஒன்பதுக்கு வெளியே என்னவெல்லாம் இருந்தது? 2018-ல் தணிக்கை அதிகாரி மறுபடி வந்தார். கசடில் 352 மாசுப் பொருட்கள் இருக்கின்றன, அவை பாதுகாப்பானவையா என்று இ.பி.ஏ.வால் சொல்ல முடியவில்லை என்றார். அவற்றில் 61, வேறு சட்டங்களின் கீழ் ஏற்கெனவே அபாயப் பட்டியலில் இருப்பவை. திரும்பப் பார்க்கச் சொன்ன சட்டம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு வந்த அறிக்கை இது!

வில்லன் பெயர் பி.எஃப்.ஏ.எஸ். ஒட்டாத பாத்திரம், கறை பிடிக்காத துணி, தீயணைப்பு நுரை, குரோமியம் பூசும் பட்டறை என எங்கும் புகுந்த ரசாயனக் குடும்பம். மண்ணில் அழியாது. கசடில் வந்து, புல்லில் ஏறி, மாட்டுக்குப் போகும்.

அதிகாரம் கையில் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு மிச்சிகன் ஓர் உதாரணம். 2006-ல் அதிகாரம் வாங்கிய மாநிலம். 2017-ல் லபீர் என்ற ஊரின் கழிவுநீர் நிலையத்தில், குரோமியப் பூச்சு ஆலை ஒன்றிலிருந்து வந்த பி.எஃப்.ஓ.எஸ். கசடில் நூறு கோடிக்கு இரண்டாயிரம் பங்கு அளவில் இருந்தது தெரிந்தது. மாநிலம், இ.பி.ஏ. எப்போது அளவு சொல்லும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. 95 நிலையங்களை, உங்கள் குழாயில் யார் விடுகிறார் என்று தேடிப் பிடிக்கச் சொன்னது. மூலத்திலேயே வடிகட்டி வைத்ததில் அளவு மளமளவென்று இறங்கியது. 2021-ல், நூறு கோடிக்கு 150 பங்குக்கு மேல் இருந்தால் வயலில் போடாதே என்றது. பிறகு அதையும் படிப்படியாகக் குறைத்து 100 ஆக்கியது.

இதில் ஒரு வேடிக்கை, மெய்ன் மாநிலம் அந்த ஒன்பதில் இல்லவே இல்லை. ஆனால் 2022-ல் கசடை நிலத்தில் போடுவதையே முதலில் தடை செய்தது அதுதான். கெட்டுப்போன பண்ணைகளுக்காக ஆறு கோடி டாலர் ஒதுக்கியதும் அதுதான். அதாவது, அதிகாரக் கடிதத்தைவிட மாநிலத்துக்கு மனசு இருக்கிறதா என்பதுதான் கணக்கு. அதிகாரம் வாங்கி இருபது வருஷத்துக்கு மேலான டெக்சாஸில், ஜான்சன் கவுன்ட்டி விவசாயிகள் 2024-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். யார் மேல் வழக்கு? மத்திய இ.பி.ஏ. மேல்! கவுன்ட்டி நிர்வாகமே அவர்களோடு சேர்ந்துகொண்டது. பர்மிட் மாநிலத்தினுடையது என்றாலும் பட்டியல் வாஷிங்டனுடையது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2025 ஜனவரியில் இ.பி.ஏ. ஒரு வரைவு மதிப்பீட்டை வெளியிட்டது. கசடில் நூறு கோடிக்கு ஒரே ஒரு பங்கு இருந்தால்கூட, அந்தப் பண்ணையில் வாழ்ந்து, அங்கே விளைந்ததைச் சாப்பிடும் குடும்பத்துக்கு ஆபத்து வரலாம் என்று அதில் இருக்கிறது. மிச்சிகனின் கடுமையான அளவே நூறு என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். அதுவும் வரைவுதான், விதி அல்ல.

அதே மிச்சிகனில், அனுமதியோடு, சட்டப்படி வந்த கசடைத் தன் வயலில் போட்ட ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் இருந்தார். 2022 ஜனவரியில், அவர் பண்ணை மாட்டிறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்று மாநிலம் அறிவித்தது. இறைச்சியில் பி.எஃப்.ஓ.எஸ். எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு மத்திய அரசின் அளவு எதுவும் அப்போது கிடையாது.