கிள்ளான் பள்ளத்தாக்கில் ஜிபியு நிரலாக்கப் பயிற்சி: இயந்திரம் கைக்கு எட்டிய வரலாறு

கிள்ளான் பள்ளத்தாக்கில் கணினிக் கல்வி வளர்ந்த விதத்தைப் பாடத்திட்டங்களை மட்டும் வைத்து எழுதினால் பாதி வரலாறுதான் கிடைக்கும். இயந்திரம் எங்கே இருந்தது, யார் அதைத் தொட முடிந்தது என்று கேட்கும்போதுதான் மீதிப் பாதி தெரியவரும். இன்றைய ஜிபியு (வரைகலைச் செயலி) நிரலாக்கப் பயிற்சி ஏன் இந்த வடிவில் இருக்கிறது என்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மலேசியாவின் முதல் கணினி 1966இல் தேசிய மின்சார வாரியத்துக்கு வந்தது. அந்த வாரியத்தின் வழிவந்த தெனாகா நேஷனலின் தலைமையகம் இன்று பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய பங்சாரில் இருக்கிறது. அக்காலப் பெருங்கணினிகள் நிறுவனங்களின் குளிரூட்டிய அறைகளுக்குள் இருந்தன. அங்கே வேலை கிடைத்தவர்களே நிரல் எழுதக் கற்றார்கள். தோட்டத்திலிருந்து பட்டணம் வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை.

மேசைக் கணினி வந்ததும் நிலைமை மாறியது. 1985 இரு வகையில் முக்கியமான ஆண்டு. மிமோஸ் என்னும் அரசு நுண்மின்னணு ஆய்வு நிறுவனம் அவ்வாண்டு தொடங்கியது. அதே ஆண்டில், கிள்ளானுக்குத் தெற்கே கேரித் தீவிலிருந்து வந்த முத்து நெடுமாறன் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். ஒன்று அரசின் திட்டம், மற்றது ஒரு தனிமனிதரின் உழைப்பு. தமிழ்க் கணிமையில் கோலாலம்பூருக்கு நிலையான இடம் தந்தது பின்னதுதான். 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியதற்கும் அந்த அடித்தளமே காரணம் என்பேன். மேசைமேல் ஒரு கணினி இல்லாமல் இவற்றில் எதுவும் நடந்திருக்காது.

இடையில் ஒரு சட்டத்தையும் குறிப்பிட வேண்டும். 1992ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டம் முதலாளிகளிடம் பயிற்சித் தீர்வை வசூலிக்க வழிசெய்தது. முதலில் உற்பத்தித் தொழிலுக்கு மட்டும் என்றிருந்தது பின்னர் சேவைத் துறைகளுக்கும் விரிந்தது. பத்துப் பேரையோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் இன்று சம்பளத்தில் 1 விழுக்காடு கட்டுகிறது. கட்டிய பணத்தைப் பயிற்சிக்காகத் திரும்பப் பெறலாம். இங்கே ஓரிரு நாள் சான்றிதழ் வகுப்புகள் பெருகியதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். நிறுவனம் ஊழியரை இரண்டு நாள் விடும், இரண்டு மாதம் விடாது.

2006 நவம்பரில் வரைகலை அட்டைச் சில்லுகளை வடிவமைக்கும் என்விடியா, ‘குடா’ என்னும் ஜிபியு நிரலாக்கத் தளத்தை அறிவித்தது. அதற்கு முன் வரைகலை அட்டையைப் பொதுக் கணக்கீட்டுக்குப் பயன்படுத்த விரும்பியவர், தம் கணக்கைப் படம் வரையும் வேலைபோல் வேடமிட்டு அனுப்ப வேண்டியிருந்தது. ஸ்டான்ஃபோர்டில் இயன் பக் குழுவினர் 2004இல் வெளியிட்ட ‘புரூக்’ நிரல்மொழி அந்தச் சுமையைக் குறைத்தது. குடா அதை நீக்கியது. 2007இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டேவிட் கிர்க்கும் வென்-மே ஹ்வூவும் இதற்கெனவே பாடம் நடத்தினார்கள்.

அந்தப் பாடத்துக்கு வேண்டிய கருவி கணினி விளையாட்டுக்கான வரைகலை அட்டைதான். 128 கணக்கீட்டு அலகுகள் கொண்ட ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் வகை அட்டைகளையும் அவற்றின் மலிவான தம்பிகளையும் புக்கிட் பிந்தாங்கின் பிளாசா லோயாட்டில் வாங்க முடிந்தது. பயிற்சி நிலையம் வருவதற்கு முன்பே கருவி கடைக்கு வந்துவிட்டது. பெருங்கணினிக்கு இப்படி ஒரு காலம் வாய்த்ததே இல்லை. அடுத்த பத்தாண்டில் புக்கிட் ஜாலிலில் மிமோஸ் ஆய்வகம் இத்துறையில் இறங்கியது. அங்கே வேகப்படுத்தல் தொழில்நுட்ப ஆய்வகத்தை நடத்திய முனைவர் எட்டிகன் கந்தசாமி கருப்பையா பின்னர் என்விடியாவில் சேர்ந்தார். மலேசியத் தமிழர் ஒருவர் இத்துறையின் முன்வரிசையில் நின்றதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

கைப்பயிற்சி ஏன் தவிர்க்க முடியாதது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ஜிபியுவில் 32 த்ரெட்கள் (நிரல் இழைகள்) ஒரு ‘வார்ப்’ ஆகச் சேர்ந்து இயங்கும். அவை அடுத்தடுத்த 4 பைட் எண்களைப் படித்தால் மொத்தம் 128 பைட். 32 பைட் துண்டுகள் நான்கில் வேலை முடிந்துவிடும். அதே 32 த்ரெட்களும் ஓர் அணியின் நெடுவரிசையைப் படித்தால் ஒவ்வொன்றுக்கும் தனித் துண்டு வேண்டும். தேவை 128 பைட், வருவது 1,024. விடை சரியாகவே வரும், நிரலிலும் பிழை தெரியாது. கரும்பலகையில் இதை விளக்கினால் மாணவர் தலையாட்டுவார். தாமே எழுதிய கர்னல் (ஜிபியுவில் ஓடும் நிரல்) இழுபடுவதை வேகம் அளக்கும் புரொபைலரில் பார்த்து, குறியீட்டில் இரண்டு எழுத்தை இடம் மாற்றி, வேகம் பல மடங்கு கூடுவதைக் காணும்போதுதான் அது அவருடைய அறிவாகிறது.

இதைவிடப் பெரிய அதிர்ச்சியும் உண்டு. முதல் பயிற்சியாகப் பெரும்பாலும் தருவது இரண்டு வரிசை எண்களைக் கூட்டும் நிரல். தரவை ஜிபியுவுக்கு அனுப்பித் திரும்பப் பெறும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் சாதாரண சிபியுவே முந்திவிடும். 2017இல் வந்த வி100 என்னும் ஜிபியுவின் நினைவகம் நொடிக்கு 900 கிகாபைட் தரும். அதைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ பாதையிலோ ஒரு திசையில் 16 கிகாபைட்தான் போகும். எந்தக் கணக்கை ஜிபியுவுக்கு அனுப்பக்கூடாது என்று தெரிவதும் இந்தப் படிப்பின் பகுதிதான்.

செயற்கை நுண்ணறிவு அலை வந்தபின் இயந்திரம் மறுபடியும் கையைவிட்டு விலகியது. 80 கிகாபைட் நினைவகமும் 700 வாட் வரை மின்தேவையும் உள்ள எச்100 ஜிபியு லோயாட் அலமாரிக்கான பொருளன்று. 2023 டிசம்பரில் ஒய்டிஎல் நிறுவனமும் என்விடியாவும் அறிவித்த தரவு மையம் ஜோகூரின் கூலாயில் அமைவது. கிள்ளானிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ இருக்கும் மென்பொருளாளர் அதை இணையத்தின் வழியேதான் தொட முடியும். என்விடியாவின் டீப் லேர்னிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் எட்டு மணி நேரப் பட்டறையும் அப்படித்தான்: உலாவியைத் திறந்தால் மேகக்கணினியில் ஒரு ஜிபியு காத்திருக்கும், பயிற்சி முடிந்தால் போய்விடும். தீர்வை முறை வளர்த்த ஒருநாள் வகுப்புக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. தொடக்கத்துக்கு அது நல்லதே. ஆனால் முந்தைய இரண்டு பத்திகளில் சொன்ன இழுபறிகளை ஒரு நாளில் யாரும் வென்றதில்லை.

தமிழ்நாட்டில் வேறு வழி எடுத்திருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் ருபேஷ் நஸ்ரே கற்பிக்கும் ஜிபியு நிரலாக்கம் ஒரு பருவம் முழுவதற்குமான பாடம். இந்திய தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தின் நான்கு பயிற்சி மையங்களில் அந்த வளாகமும் ஒன்று. 2022 மே மாதம் திருச்சி என்ஐடியில் 838 டெராஃபிளாப் திறனுள்ள ‘பரம் பொருள்’ மீத்திறன் கணினி தொடங்கிவைக்கப்பட்டது. இயந்திரம் நிற்கும் வளாகத்திலேயே படிப்பும் நடக்கிறது. தோற்ற கர்னலை அடுத்த வாரம் திருத்தலாம். கிள்ளான் பள்ளத்தாக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அடுத்த வாரத்தை. தீர்வைப் பணத்தில் வகுப்புக் கட்டணத்தோடு மூன்று மாத ஜிபியு நேரத்தையும் சேர்த்துக் கோர விதி இடமளித்தால், பட்டறை முடிந்த மறுநாளும் அந்த மென்பொருளாளரால் தம் நிரலை ஓட்டிப் பார்க்க முடியும்.