களப்பெயர் முறைமை

இணையத்தில் எழுத்தாலான பெயர்களுக்கு உரிய எண்முகவரிகளைத் தேடித் தரும் ஏற்பாடு களப்பெயர் முறைமை. கணினித் துறையில் இதை டிஎன்எஸ் என்றே சொல்வார்கள். இணையத்தில் எந்தத் தகவலும் சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் புறப்பட்ட இடமும் சேரவேண்டிய இடமும் ஐபி முகவரி என்னும் எண்களாக இருக்கும். வழியில் நிற்கும் ரவுட்டர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அடுத்த வழியைக் காட்டுகின்றன. பெயர் எதுவும் அவற்றுக்குத் தெரியாது. மனிதர்களுக்கோ பெயர்தான் நினைவில் நிற்கிறது.

டிஎன்எஸ்ஸைத் தொலைபேசிப் புத்தகத்துக்கு ஒப்பிடுவது பாடநூல்களின் வழக்கம். அவ்வளவு பொருத்தமான உவமை அல்ல. தொலைபேசிப் புத்தகத்தில் ஊரின் எல்லாப் பெயர்களும் ஓரிடத்தில் இருக்கும். டிஎன்எஸ்ஸின் முழுப் பட்டியலோ உலகில் எந்தக் கணினியிலும் கிடையாது. ஒவ்வொரு சேவையகத்துக்கும் தன் எல்லைக்குள் உள்ளதும், மற்றதற்கு யாரிடம் போகவேண்டும் என்பதும் மட்டுமே தெரியும். புது ஊரில் வீடு தேடுகிறவர் டீக்கடையில் கேட்க, "கோயில் தெருவில் போய்க் கேளுங்க" என்று வழிகாட்டுவார்களே, அதுதான் நெருங்கிய உவமை.

தோற்றம்

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969இல் இயங்கத் தொடங்கியபோது அதில் இருந்த கணினிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பின்னர் அவற்றின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்தின் வலையமைப்புத் தகவல் மையம் அந்தக் கோப்பைப் பராமரித்தது. மையத்தின் தலைவர் எலிசபெத் ஃபைன்லர். புதிய கணினியை இணைப்பவர்கள் மையத்துக்குத் தகவல் அனுப்புவார்கள். மற்றவர்கள் அவ்வப்போது கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இந்த ஏற்பாடு திணறியது. இருவர் ஒரே பெயரைக் கேட்டார்கள். பிரதிகள் பழசாயின. கோப்பை இறக்குவதே வலையமைப்புக்குச் சுமையானது.

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் கழகத்தில் இருந்த ஜான் போஸ்டல், இதற்குத் தீர்வு காணும் வேலையைப் பால் மோக்கபெட்ரிஸிடம் ஒப்படைத்தார். அப்போது கையிலிருந்த யோசனைகளை ஒன்றாக்கித் தரச் சொன்னதாகவே கதை. மோக்கபெட்ரிஸ் அவற்றை ஓரம் வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வகுத்தார். 1983 நவம்பரில், இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 882, 883 ஆகிய எண்களில் அதன் விவரம் வெளியானது. 1987இல் அந்த இரண்டுக்கும் பதிலாக வந்த 1034, 1035 ஆவணங்களே இன்றும் அடித்தளம். கணினி உலகில் நாற்பது ஆண்டுகளாக அஸ்திவாரம் மாறாமல் நிற்கும் கட்டடங்கள் அதிகமில்லை.

பெயரின் கடைசியில் நிற்கும் காம், எடு, கவ், மில், ஆர்க் என்ற மேல்நிலைக் களங்களை அதே வரிசையில் 1984 அக்டோபரில் வந்த ஆவணம் வகுத்தது. காம் களத்தில் முதலில் பதிவான பெயர் சிம்பாலிக்ஸ்.காம், நாள் 1985 மார்ச் 15. அந்தக் கணினி நிறுவனம் நொடித்துப்போய் வெகுகாலம் ஆகிறது. பெயர் மட்டும் பிழைத்து, 2009இல் வேறொருவருக்கு விலைபோனது.

பெயரைத் தேடும் முறை

களப்பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும். கடித உறையில் கடைசி வரியில் உள்ள ஊரையும் அஞ்சல் குறியீட்டையும் பார்த்துத்தான் தபாலைப் பிரிக்கிறார்கள். கதவிலக்கம் தபால்காரருக்குத் தேவைப்படுவது கடைசியில். டிஎன்.கவ்.இன் என்ற தமிழ்நாடு அரசுத் தளத்தை ஒருவர் திறப்பதாகக் கொள்வோம். அவருடைய கைபேசி, இணைய நிறுவனம் வைத்திருக்கும் தேடல் சேவையகத்திடம் முகவரி கேட்கும். அதனிடம் விடை இல்லையென்றால் அது படிநிலையின் உச்சியில் உள்ள வேர்ச் சேவையகத்தை அணுகும். "எனக்குத் தெரியாது, இன் களத்தை நடத்துபவர்களைக் கேள்" என்று அங்கே பதில் வரும். இன் சேவையகம் கவ்.இன் பொறுப்பாளரைக் காட்டும். அப்படியே படியிறங்கி, அந்தத் தளத்துக்கு உரிய சேவையகத்திடமிருந்து எண் கிடைக்கும். இத்தனையும் பெரும்பாலும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

வேகத்துக்குக் காரணம் கேச் எனப்படும் இடைச்சேமிப்பு. ஒவ்வொரு விடையோடும் அதை எத்தனை நொடி வைத்துக்கொள்ளலாம் என்ற கெடுவும் வரும். கெடு தீரும்வரை தேடல் சேவையகம் அதே விடையை எல்லோருக்கும் தரும். மறுபடி வேர்வரை போகாது. தளத்தை வேறு சேவையகத்துக்கு மாற்றியவர்களிடம் "புது முகவரி உலகம் முழுக்கப் பரவ இரண்டு நாள் ஆகும்" என்று சொல்வது வழக்கம். உண்மையில் எதுவும் பரவுவதில்லை. ஆங்காங்கே தங்கியிருக்கும் பழைய விடைகளுக்குக் கெடு முடியவேண்டும், அவ்வளவுதான். மாற்றத்துக்கு முன்பே கெடுவைச் சில நிமிடங்களாகக் குறைத்து வைத்தால் இந்தக் காத்திருப்பில் பெரும்பகுதி மிச்சம்.

வேர்ச் சேவையகங்கள்

ஏ முதல் எம் வரை பதின்மூன்று பெயர்களில் வேர்ச் சேவையகங்கள் உள்ளன. அது ராசி பார்த்து வைத்த எண் அல்ல. தொடக்ககால விதிப்படி ஒரு பதில் 512 பைட்டுக்குள் அடங்கவேண்டும்; அத்தனை பெயர்களும் முகவரிகளும் அதற்குள் அடங்கிய அளவு பதின்மூன்று. ஆனால் பதின்மூன்றே இயந்திரங்கள்தான் என்று நினைப்பது தவறு. ஒரே முகவரியைப் பல ஊர்களிலிருந்து அறிவித்து, கேட்பவரை அருகிலுள்ள நகலுக்கு அனுப்பும் உத்தியால் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகல்கள் உலகெங்கும் இயங்குகின்றன. எஃப் வேரின் நகல் ஒன்று 2005இல் சென்னைக்கு வந்தது. நடத்துபவை பன்னிரண்டு அமைப்புகள்: நாசா, மேரிலாந்து பல்கலைக்கழகம், அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வுக்கூடம், ஜப்பானின் வைடு திட்டம் என்று கலவையான கூட்டம். வேர்ப் பட்டியலில் எந்தப் பெயர் இடம்பெறலாம் என்பதை 1998இல் அமைந்த ஐக்கான் என்னும் அமைப்பு கவனித்துக்கொள்கிறது. அதன்மீது அமெரிக்க அரசுக்கு இருந்த ஒப்பந்தக் கண்காணிப்பு 2016 அக்டோபர் 1 அன்று முடிவுக்கு வந்தது.

பழுதும் பாதுகாப்பும்

மோக்கபெட்ரிஸ் காலத்து வலையமைப்பில் ஒருவரையொருவர் அறிந்தவர்களே இருந்தார்கள். அதனால் வரும் பதில் உண்மையானதா என்று சோதிக்கும் வழி வடிவமைப்பில் இல்லை. போலிப் பதிலைத் தேடல் சேவையகத்தின் கேச்சில் எளிதாகப் புகுத்திவிடலாம் என்று 2008இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி காட்டினார். கேள்வியை அடையாளம் காட்டும் எண் 65,536க்குள் ஒன்று என்பதால், திரும்பத் திரும்ப முயன்றால் ஊகித்துவிட முடிந்தது. அவர் அதை உடனே அம்பலப்படுத்தாமல் மென்பொருள் நிறுவனங்களைத் திரட்டினார். ஜூலையில் எல்லோரும் ஒரே நாளில் திருத்தம் வெளியிட்டார்கள். பதில்களில் மறையீட்டுக் கையொப்பம் இடும் டிஎன்எஸ்செக் முறை வேருக்கு 2010 ஜூலையில் வந்தது. நல்ல மருந்துதான், பெயர் வைத்திருப்பவர்களில் பலர் இன்னும் உட்கொள்ளவில்லை.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை, மூன்றையும் நடத்தும் நிறுவனத்தின் உள்வலையைத் துண்டித்தது. தொடர்பு அறுந்ததை உணர்ந்த அதன் டிஎன்எஸ் சேவையகங்கள், வடிவமைத்தபடியே, தம் முகவரிக்கான வழியறிவிப்பை இணையத்திலிருந்து விலக்கிக்கொண்டன. டிஎன்எஸ்ஸே குற்றவாளி என்று அன்று பலர் எழுதினார்கள். பாதை போனது முதலில். பெயர் போனது அதனால்.

தமிழில் களப்பெயர்

டிஎன்எஸ் நடைமுறையில் ஆங்கில எழுத்து, இலக்கம், சிறுகோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்று வளர்ந்தது. பிறமொழிப் பெயர்களுக்கான முயற்சி 1998இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவிடம் உருப்பெற்றது. 2003இல் தரநிலையாக வெளியான பியூனிகோடு முறை, பிறமொழி எழுத்துகளை ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்த சரமாக மாற்றித் தருகிறது. இந்தியா என்பது நமக்கு நான்கு எழுத்து. ஒருங்குறிக்கு ஏழு குறி. டிஎன்எஸ்ஸுக்குள் போகும்போது பதினேழு எழுத்துச் சரம். மாற்றத்தை உலாவியே செய்துகொள்வதால் படிப்பவர் கண்ணில் அது படுவதில்லை.

2007இல் ஐக்கான் பல மொழிகளில் சோதனைக் களங்களை வேரில் சேர்த்தபோது தமிழும் இருந்தது. அந்தத் தமிழ்க் களத்தின் பெயர் பரிட்சை. பரீட்சை என்று நெடிலோடு எழுதவேண்டிய சொல் உலகத்தின் வேர்ப் பட்டியலில் குறிலோடு ஏறி, சோதனை முடிந்து நீக்கப்படும்வரை அப்படியே இருந்தது. இன்று நாட்டுப் பெயரைத் தமிழ் எழுத்தில் தாங்கிய மேல்நிலைக் களங்கள் மூன்று: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். மூன்றும் முறையாக இயங்குகின்றன. ஆனால் இவற்றில் அமைந்த மின்னஞ்சல் முகவரியைத் தட்டினால், பிழையான முகவரி என்று திருப்பிவிடும் இணையப் படிவங்கள் இன்னும் ஏராளம்.