இல்லம் புகுந்த ஒலி விரியலாக்கி

1947 ஆம் ஆண்டில் 'வயர்லெஸ் வேர்ள்ட்' என்னும் பிரித்தானியச் சஞ்சிகையில் டி. ரி. என். வில்லியம்சன் வெளியிட்ட வெற்றிடக் குழாய் விரியலாக்கிச் சுற்று, தூய ஒலியை நாடியோரின் கருத்தைப் பெரிதும் கவர்ந்தது. 15 உவாற்று வலுவிலும் ஒலித் திரிபு 0.1 வீதத்தை விஞ்சாமையே அதன் சிறப்பு. பயப்பின் ஒரு பகுதியைத் தொடக்கத்துக்கு மீளச் செலுத்தும் எதிர்ப் பின்னூட்டலால் இது இயன்றது. ஆனால், அப்பின்னூட்டல் நிலைகுலையாதிருக்கப் பயப்பு நிலைமாற்றி மிக நுட்பமாகச் சுற்றப்படல் வேண்டும். எனவே, சுற்றுப்படம் யாவர்க்கும் கிடைத்தும், ஆக்கும் ஆற்றல் சிலர்க்கே உரியதாயிருந்தது.

இத்தடையை நீக்கியது உதிரிப்பாகத் தொகுதியாகும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஹீத் நிறுவனம் வில்லியம்சன் முறையிலான தொகுதிகளை 1950களில் விற்றது. ஆயத்தமான நிலைமாற்றியோடு, எக்கம்பியை எங்கே பற்றாசு வைத்து இணைப்பதெனப் படிப்படியாகக் கூறும் கைந்நூலும் அவற்றுடன் வந்தது. ஒவ்வொரு படி முடிந்ததும் அடையாளமிட இடமும் அதில் விடப்பட்டிருந்தது. 1959 இல் பிலடெல்பியாவின் டைனாக்கோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டீரியோ 70' இன்னும் எளிமையானது. அதன் நுண்ணிய பாகங்கள் அச்சிட்ட சுற்றுப் பலகையில் முன்னரே பொருத்தப்பட்டு வந்தன.

கோட்பாடு அறியாதாரும் இவ்வாறு கருவியை ஆக்கினர். பரவியது அறிவன்று, வெறுங் கைத்திறனே எனக் குறை கூறலாம். எனினும், தாம் இணைத்த கருவியைத் தாமே திறந்து திருத்தும் துணிவு இல்லங்களிற் பிறந்தது. அறிவை வெளியிடுதல் வேறு. அதனைப் பிறர் கைக்கு எட்டச் செய்தல் வேறு.